புதுப்பிப்பு: சேனலில் அணில் கதை சொன்னேன்

குழந்தைகள் சேனல் ஒன்றுக்கு மூன்று அனிமேஷன் ஐடியாக்களோடு போகிறேன், எதை முதலில் சொல்லலாம் என்று போன வாரம் கேட்டிருந்தேனே, நேற்று போய் வந்துவிட்டேன். 40 பக்க பைபிளை, அதாவது தொடரின் பாத்திரங்களையும் கதையையும் விளக்கும் கையேட்டை, யாரும் புரட்டவில்லை. அணில் கதையின் 90 நொடி அனிமேட்டிக்கைப் (படங்களை ஒலியோடு ஓடவிடும் மாதிரிப் படம்) போட்டதும், வெறும் பென்சில் கோடும் என் குரலும்தான், அணில் முருங்கைக் கிளையில் வழுக்கும் இடத்தில் சேனல் மேடம் நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் ஒரே கேள்வி: 11 நிமிடக் கதையாக இதில் 52 எபிசோடு வருமா? மற்ற இரண்டும் ஒரு தடவை சொன்னால் தீர்ந்துவிடுகிற கதைகள், படத்துக்குச் சரி, தொடருக்கு ஆகாது. அணிலுக்குத் தினமும் ஒரு ஆசை வருகிறது, அதனால் தொடராக நிற்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பத்து எபிசோடுக்கு ஒருவரிக் கதை கேட்டிருக்கிறார்கள், ஆறு எழுதிவிட்டேன். அனிமேட்டிக் கொண்டுபோகச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி.