செண்பகம் துரைராசன் வழக்கு: மேடையில் சொல்லப்படுவது முழுக் கதையா?

வினா – வாசகர் வட்டத்தான்

எங்கள் ஊர் நூலகத்தில் சென்ற வாரம் அரசமைப்பின் வரலாறு குறித்து இருவர் பேசினார்கள். 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வகுப்புவாரி உரிமையைப் பறித்தது, கிளர்ச்சிதான் அதை மீட்டது என்றார் ஒருவர். சட்டப்படி வந்த தீர்ப்பை அரசியல்வாதிகள் திருத்தம் போட்டுக் கவிழ்த்தார்கள் என்றார் மற்றவர். இருவரும் பேசியது ஒரே வழக்கைத்தான் என்பதே எனக்குக் கூட்டம் முடியும்போதுதான் பிடிபட்டது. தீர்ப்பில் என்னதான் இருக்கிறது? படித்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி – பழைய கட்டு

ஐயா, முதலில் அந்த வழக்கில் எதிர்க்கப்பட்ட வகுப்புவாரி அரசாணையைப் பாருங்கள். மதராஸ் மாநிலத்தின் மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடங்களும் இப்படிப் பங்கிடப்பட்டன: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்களுக்கும் இந்தியக் கிறித்தவர்களுக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. அதாவது பொதுப் பிரிவு என்று ஒன்றே இல்லை. எல்லா இடமும் ஏதோ ஒரு வகுப்பின் கணக்கில்தான் இருந்தது.

அரசு நடத்தும் அல்லது அரசு உதவி பெறும் கல்வி நிலையத்தில் சாதி, மதம் முதலியவற்றை மட்டுமே காரணமாகக் காட்டி யாருக்கும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது அரசமைப்பின் உறுப்பு 29(2). அரசு வேலைகளில் பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்க இடம்தரும் 16(4) என்ற விலக்கு அப்போதே இருந்தது, கல்விச் சேர்க்கைக்கு அப்படி ஒன்றும் எழுதப்படவில்லை. அந்த இடைவெளியைத்தான் நீதிபதி எஸ்.ஆர். தாஸ் எழுதிய தீர்ப்பு பிடித்துக்கொண்டு, அரசாணை செல்லாது என்றது. நலிந்த பிரிவினரின் கல்வி நலனைப் பேணச் சொல்லும் உறுப்பு 46 வெறும் வழிகாட்டு நெறி என்பதால், அது அடிப்படை உரிமையை மீற முடியாது என்றும் கூறியது. (வழக்குத் தொடுத்த செண்பகம் கல்லூரிக்கு விண்ணப்பிக்கவே இல்லை என்பதையும் நீதிமன்றம் பதிவு செய்தே மேலே சென்றது. இதை மேடையில் சொல்லிக் கேட்டதில்லை.)

மேடைகளில் விடுபடும் இன்னொன்று, அதே ஏப்ரல் 9 அன்று வந்த வெங்கடரமணா வழக்கின் தீர்ப்பு. அது மாவட்ட முன்சீப் பதவிகள் பற்றியது. அங்கே 16(4) இருந்ததால், அரிஜனங்களுக்கும் பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கும் ஒதுக்கியதை நீதிமன்றம் ஏற்றது. மற்ற வகுப்புகளுக்குப் பங்கிட்டதை மட்டும் ஏற்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் படித்தால், ‘இடஒதுக்கீட்டுக்கு எதிரான நீதிமன்றம்’ என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது.

மறுமொழி – தென்பாண்டியான்

பழைய கட்டு அவர்கள் சொன்னது சரி, ஆனால் கிளர்ச்சியைச் சிறிதாக்கிவிடக் கூடாது. 1950இல் இதே வழக்கில் அரசாணைக்கு எதிராக மதராஸ் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தவுடனேயே பெரியாரின் இயக்கமும் தி.மு.க.வும் வீதிக்கு வந்தன. நாடாளுமன்றத்தில் நேருவே மதராஸ் நிகழ்வுகளைக் காரணமாகச் சுட்டினார். 1951இல் அரசமைப்பின் முதல் திருத்தத்தால் புதிதாக வந்த 15(4) ‘இந்த உறுப்போ 29(2)-ஓ தடையாகாது’ என்ற பொருளில் எண்ணைக் குறிப்பிட்டே எழுதப்பட்டிருக்கிறது. நீதிமன்றம் எங்கே விரல் வைத்ததோ அங்கேயே ஒட்டுப் போட்டார்கள். ஆயினும் 15(4) பிற்படுத்தப்பட்டோரையும் பட்டியல் சாதி, பழங்குடியினரையும் மட்டுமே பேசுவதால், பழைய 14 பங்கு முறை அப்படியே திரும்பவில்லை. ஆகவே ‘மீட்டது’ என்ற சொல்லும் பாதிதான் சரி.

மறுமொழி – கூடலூர்க்காரன்

முதல் திருத்தம் என்றாலே 15(4) மட்டும் நினைவுக்கு வருவது நம் ஊர்ப் பழக்கம். அதே திருத்தம்தான், மதராஸ் அரசு ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழைத் தடுத்ததால் எழுந்து, அந்தத் தடையை நீக்கிய ரொமேஷ் தாப்பர் தீர்ப்புக்குப் பின், பேச்சுரிமையின் மீதான கட்டுப்பாடுகளை விரிவாக்கியது. சேர்க்கப்படும் சட்டங்களுக்கு நீதிமன்றச் சவாலிலிருந்து காப்பு தரும் ஒன்பதாவது அட்டவணையையும் கொண்டுவந்தது. செய்தது பொதுத்தேர்தலைச் சந்திக்காத இடைக்கால நாடாளுமன்றம். அந்த அட்டவணையை 2007இல் ஒன்பது நீதிபதிகள் மீண்டும் ஆராய்ந்தபோது, வழக்கின் வேர் எங்கள் கூடலூர் ஜென்ம (பரம்பரை உரிமை) நில ஒழிப்புச் சட்டத்தில் இருந்தது. 1973 ஏப்ரல் 24க்குப் பின் அதில் சேர்ந்த சட்டங்களை அடிப்படைக் கட்டமைப்பின்படி (நாடாளுமன்றமும் குலைக்க முடியாத அரசமைப்பின் அடித்தளம்) ஆராயலாம் என்பது தீர்ப்பு. 1994இல் சேர்ந்த தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டு இடஒதுக்கீட்டுச் சட்டமும் அந்த வரம்புக்குள்தான் வருகிறது.

வினா எழுப்பியவர்

மூவருக்கும் நன்றி. வெங்கடரமணா வழக்கை நூலகத்தில் பேசிய இருவருமே குறிப்பிடவில்லை. அடுத்த கூட்டத்திற்கு இரண்டு தீர்ப்புகளையும் அச்செடுத்துக் கொண்டு போகிறேன்.