பஞ்சாங்கத்தில் ‘பஞ்சமி 23.40’ என்றால் எத்தனை மணி?

புதுவாசகர்:
எங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்தில் ஒரு நாளுக்கு நேரே ‘பஞ்சமி 23.40’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து, இரவு 11.40 வரை பஞ்சமி உண்டு என எண்ணிக்கொண்டேன். தினசரி நாட்காட்டியோ பிற்பகல் 3.38-க்கே அது முடிவதாகக் கூறுகிறது. எட்டு மணி நேர வேறுபாடு எவ்வாறு வந்தது?

நாழிகைவட்டில்:
அந்தப் பத்தியின் தலைப்பில் ‘நா. வி.’ என்று இருக்கும், பாருங்கள். அது நள்ளிரவிலிருந்து எண்ணிய மணியன்று, அன்றைய சூரிய உதயத்திலிருந்து கடந்த நாழிகையும் விநாடியும் ஆகும். ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். அதில் அறுபதில் ஒரு பங்கான பழைய விநாடி, இன்றைய கணக்கில் 24 நொடி. (இப்போது நொடியையே விநாடி என்று அழைப்பதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமன்று.) ஆகவே 23 நாழிகைக்கு 552 நிமிடம், 40 விநாடிக்கு 16 நிமிடம், மொத்தம் 9 மணி 28 நிமிடம். உதயம் 6.10 என்றால் 3.38 வந்துவிடுகிறது. 23.40-ஐத் தசம எண்ணாகக் கருதி 24-ஆல் பெருக்கினால் ஆறு நிமிடத்துக்கு மேல் பிழை நேரும்.

புதுவாசகர்:
நன்றி, தெளிந்தது. அப்படியானால் கோடையில் பகல் நீளும்போது நாழிகையும் நீளுமா? இராகு காலம் மட்டும் எப்போதும் ஒன்றரை மணி நேரமாகவே இருக்கிறதே?

உதயகாலம்:
உண்மை நேர்மாறானது. நாழிகை நீளாது; முல்லைப்பாட்டில் பாசறையின் நாழிகைக் கணக்கர் பார்த்துச் சொல்லும் நீர்க்கன்னல் என்னும் நீர்க்கடிகாரத்துக்குக் கோடையும் குளிரும் ஒன்றுதான். பருவத்துக்கேற்ப மாறவேண்டியது இராகு காலமே, ஏனெனில் அது பகற்பொழுதின் எட்டில் ஒரு பங்கு. பஞ்சாங்கத்தில் ‘அகசு’ என்ற பத்தி பகலின் நீளத்தை நாழிகையில் தருகிறது. சென்னையில் ஜூன் பிற்பகுதியில் அது 32-க்குச் சற்று மேலும், டிசம்பரில் 28-க்குச் சற்று மேலும் இருப்பதால், எட்டில் ஒரு பங்கு ஏறத்தாழ 97 நிமிடத்துக்கும் 85 நிமிடத்துக்கும் இடையே அசைகிறது. திங்கள் 7.30 முதல் 9 வரை என நாம் மனப்பாடம் செய்துள்ள அட்டவணை, காலை 6 முதல் மாலை 6 வரை பகல் என்று வைத்துக்கொண்ட எளிய வாய்பாடு மட்டுமே.

நாழிகைவட்டில்:
கிழமையும் உதயத்தில்தான் பிறக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத் தேதிப்படி புதன் அதிகாலை 2 மணிக்குப் பிறந்த குழந்தைக்குப் பஞ்சாங்கத்தில் செவ்வாய்க்கிழமைதான். செவ்வாய் உதயம் 6.10 ஆனால், உதயாதி நாழிகை 49.35 என்று குறிப்பார்கள். மருத்துவமனைச் சான்றிதழைப் பார்த்துப் புதன் என்று எழுதிய சாதகங்கள் சிலவற்றை நானே திருத்தியிருக்கிறேன்.