போட் மோட்டார் நின்னு நின்னு போகுது, அவசரம்

தாலாக்கரை:
வணக்கம். மோட்டார் நல்லா ஸ்டார்ட் ஆகுது, கொஞ்ச நேரம் ஓடி தானா நின்னுடுது. சும்மா விட்டுட்டுக் கயிறு இழுத்தா ஓடும், மறுபடி நிக்கும். பிளக் புதுசு போட்டாச்சு. நாளைக்குக் காலையில துவாண்டே ஊருக்குச் சாமான் ஏத்தணும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சிரியம்வாசி:
என்ன மோட்டார், எத்தனை குதிரை சக்தி? டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா? டேங்க் தனியா? பட்டுன்னு நிக்குதா, இழுத்து இழுத்து நிக்குதா?

மோல்மேன் தம்பி:
பெட்ரோல்ல தண்ணிதான். மழைக்காலத்துல ரோட்டோர பாட்டில் பெட்ரோல் வாங்கினா இதுதான் வரும். கார்ப்பரேட்டர் அடியில இருக்கிற டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வர்றதைக் கண்ணாடி டம்ளர்ல பிடிச்சு 10 நிமிஷம் வைங்க. தண்ணி இருந்தா அடியில முத்து முத்தா உருண்டு நிக்கும்.

கால்வாய்க்காரன்:
என்ஜினைக் குளிர வைக்கிற தண்ணி பின்னாடி பீச்சுதா? கால்வாய்ல ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பையும் உறிஞ்சுற வாயை அடைச்சா சூடேறி நிக்கும். பீச்சுறது மெலிஞ்சிருந்தா அந்த ஓட்டையில மெல்லிசான கம்பி விட்டுக் குத்துங்க, சேறு உதிரும். நின்னதும் கயிறு கனத்து வந்தா மறுபடி ஸ்டார்ட் பண்ணாதீங்க, பிஸ்டன் பிடிக்குது.

பழைய பிஸ்டன்:
"ஓடுது, நிக்குது"ன்னு மட்டும் எழுதினா யார் என்ன சொல்றது? இதே கேள்விக்கு முன்னாடியே பதில் இருக்கு, தேடிப் பார்த்துட்டு வரலாம். கழட்டின பிளக்கோட முனையைப் பார்த்தீங்களா? ஈரமா, கறுப்பா, வெளுப்பா? பாதி விஷயத்தை அதுவே சொல்லும், நீங்க தூக்கிப் போட்டிருப்பீங்க. மோட்டார் நின்ன அந்த நிமிஷமே பிளக்கைக் கழட்டி, கேப்ல மாட்டி, என்ஜின் மேல தொட வச்சு இழுங்க. பெட்ரோல் பக்கத்துல இருக்கக் கூடாது. நீலப்பொறி வந்தா கரண்ட்ல குறையில்லை. வரலேன்னா பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற காயில்தான், சூடானா விட்டுப்போகும்.

தாலாக்கரை:
யமஹா 15, டூ ஸ்ட்ரோக், தனி டேங்க். முழு வேகத்துல 10 நிமிஷம்தான், இழுத்து இழுத்து நிக்குது. மெதுவா போனா நிக்கல. தண்ணி நல்லா பீச்சுது. பெட்ரோல் பங்க்ல பிடிச்சதுதான். ஆயில் கேலனுக்கு 180 மில்லி.

சிரியம்வாசி:
இதை முதல்லயே சொல்லியிருக்கலாம் தம்பி. மெதுவா போனா நிக்கலன்னா பெட்ரோல் போதுமான அளவு வந்து சேரல. 15 குதிரை முழு வேகத்துல மணிக்கு ஏழெட்டு லிட்டர் குடிக்கும், மெதுவா ஓடும்போது அதுல கொஞ்சம்தான். அடைப்பு இருந்தா வேகத்துலதான் தெரியும்.

மறுபடி இழுத்து நிக்க ஆரம்பிக்கும்போது ஹோஸ் நடுவில இருக்கிற ரப்பர் பம்ப்பைக் கையால அமுக்கிக்கிட்டே இருங்க. மோட்டார் பிழைச்சா பெட்ரோல் வரத்துதான் குறை. அந்த நேரத்துல பம்ப் சப்பி ஒட்டிப் போயிருக்கான்னும் பாருங்க. சப்பியிருந்தா அடைப்பு பம்ப்புக்கும் டேங்குக்கும் நடுவில: டேங்க் மூடியில இருக்கிற காற்று ஸ்க்ரூ மூடியிருக்கலாம், உள்ளே உறிஞ்சுற குழாய் முனையில இருக்கிற வலை அடைச்சிருக்கலாம். சப்பாம, எவ்வளவு அமுக்கினாலும் கெட்டிப்படலேன்னா எங்கேயோ காத்து இழுக்குது, கிளாம்ப்பையும் கனெக்டர்ல இருக்கிற ரப்பர் வளையத்தையும் பாருங்க.

மோல்மேன் தம்பி:
180 மில்லியா? கேலன் நாலரை லிட்டர், அப்போ பெட்ரோல் 25 பங்குக்கு ஆயில் 1 பங்கு. அது புது மோட்டாருக்கு முதல் 10 மணி நேரம் ஓட்டுற அளவு. அப்புறம் 50க்கு 1, கேலனுக்கு 90 மில்லி போதும். ஆயில் கூடினா பிளக்ல கரி பிடிக்கும்.

கால்வாய்க்காரன்:
அண்ணே, நாள் பூரா பாரம் இழுக்கிற மோட்டாருக்கு ஆயில் கூட இருந்தா தப்பில்லை. குறைஞ்சாதான் சிலிண்டர் போகும்.

பழைய பிஸ்டன்:
தப்புதான். ஆயில் கூடக் கூட அதே சொட்டுல பெட்ரோல் குறையும், கலவை மெலியும், பிளக் நனையும். அளவை விட என்ன ஆயில்ங்கிறதுதான் பெருசு. டப்பாவில டிசி-டபிள்யூ3ன்னு போட்டிருக்கணும், அது தண்ணியில ஆறுற போட் மோட்டார் ஆயிலோட முத்திரை. பைக்குக்கு விக்கிற டூ ஸ்ட்ரோக் ஆயில் காத்துல ஆறுற என்ஜினுக்கானது, அதுல சாம்பல் விடும் மருந்து இருக்கு. தண்ணியில ஆறுற மோட்டார்ல அது பிளக் மேலயும் பிஸ்டன் வளையத்துலயும் படியும். யமஹா 15க்கு பிளக் என்ஜிகே கம்பெனியோட பி7எச்எஸ்-10, முனை இடைவெளி 1 மி.மீ.

கால்வாய்க்காரன்:
கடையில அந்த டப்பா கிடைக்காத ஊர்க்காரங்க என்ன செய்வாங்க?

பழைய பிஸ்டன்:
கிடைக்கிற ஊருக்குப் போகும்போது நாலு டப்பா சேர்த்து வாங்கி வைக்கணும். மோட்டார் விலைக்கு அது ஒண்ணுமில்லை.

மோல்மேன் தம்பி:
கேட்டவர் எங்கே? விடிஞ்சா துவாண்டேவாச்சே.

தாலாக்கரை:
சப்பித்தான் இருந்தது, அமுக்கினா ஓடுச்சு. காற்று ஸ்க்ரூ திறந்துதான் இருக்கு, வலையும் சுத்தம். டேங்க் பக்கத்து ஹோஸை வெட்டிப் பார்த்தா உள்தோல் உரிஞ்சு நாக்கு மாதிரி தொங்குது, உறிஞ்சும்போது அதுவே மூடிக்குது. வேற ஹோஸ் மாத்தி அரை மணி நேரம் முழு வேகம், நிக்கல. எல்லாருக்கும் நன்றி.

சிரியம்வாசி:
நல்லது. எந்த ஹோஸ் மாத்தினீங்க? கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ட்யூப்னா பெட்ரோல் பட்டுச் சீக்கிரம் விறைச்சு வெடிக்கும், பெட்ரோலுக்குன்னு வர்ற ரப்பர் ஹோஸ் வேணும். பம்ப் மேல இருக்கிற அம்புக்குறி மோட்டார் பக்கம் பார்க்குதா? உரிஞ்ச துணுக்கு மோட்டார் பக்கம் போயிருக்கலாம், மோட்டார்ல இருக்கிற பில்டர் கிண்ணத்தைக் கழட்டிப் பாருங்க. தம்பி, இருக்கீங்களா?