பூவில் உட்கார்ந்த தேனீ, வண்டு: உங்கள் மனசை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

ஒட்டன்சத்திரம் தோட்டம்:
கத்தரி பூத்திருந்த நேரம். தேனீப் பெட்டி வரப்பிலேயே இருக்கிறது, ஆனாலும் கத்தரிப் பூவில் ஒரு தேனீ நின்று பார்த்ததில்லை. எல்லாம் அந்தப் பக்கத்து முருங்கைக்குத்தான் போகும். அன்றைக்குக் காலையில் கட்டைவிரல் பருமனில் ஒரு கருவண்டு வந்தது. விட்டத்தில் ஓட்டை போடுமே, அதேதான். பறக்கும்போது கனமான முழக்கம். பூவைக் கவ்வி, உடம்பை வளைத்து ஒட்டிக்கொண்டதும் இறக்கை மடங்கிவிட்டது, ஆனால் சத்தம் நிற்கவில்லை. மெலிந்து, கூர்மையாகி, 'ஞீ... ஞீ' என்று விட்டு விட்டு வந்தது. பூவே நடுங்கியது. கறுப்பு வயிற்றில் வெளிர்மஞ்சள் தூள் பொலபொலவென்று கொட்டியது. பக்கத்துத் தோட்டத்து அண்ணன், "வண்டு விழுந்திருச்சு, மருந்தடிச்சுடு தம்பி" என்றார். நான் அடிக்கவில்லை. அது என்னதான் செய்தது?

லீமிங்டன் செல்வி:
தம்பி, அந்த வேலைக்குத்தான் இங்கே காசு கொடுத்துப் பூச்சி வாங்குகிறார்கள். கனடாவில், ஒன்டாரியோவில் தக்காளிக் கண்ணாடிக்கூடத்தில் வேலை பார்த்தேன். பம்பிள் தேனீ அட்டைப்பெட்டியில் குடும்பத்தோடு வந்து இறங்கும், கம்பளி போர்த்தின மாதிரி உடம்பு. கூடவே சர்க்கரைத் தண்ணீர்ப் பையும் வரும். தக்காளிப் பூவில் தேன் கிடையாதே! கத்தரியிலும் கிடையாது. மகரந்தம் மட்டும்தான், அதுவும் மூடின பைக்குள். கத்தரியில் அந்தப் பையின் நுனியில் இருக்கும் ஊசித்துளைதான் வாசல். மார்புத் தசையை அதிரவைத்து உலுக்கினால்தான் தூள் வெளியே வரும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது, அதனால்தான் உங்கள் பெட்டிக்காரர்கள் முருங்கைக்குப் போகிறார்கள்.

எனக்கு மறக்காதது வேறு. சேர்ந்த புதிதில் மேற்பார்வைப் பெண் ஒரு பூவைத் திருப்பிக் காட்டினார். மஞ்சள் கூம்பில் துரு நிறத்தில் கீறல்கள். நோயா என்று கேட்டேன். பம்பிள் தேனீ தாடையால் கடித்துப் பிடித்த தடம், இது இருந்தால் காய் பிடிக்கும் என்றார். அப்புறம் தினமும் காலையில் பூப் பூவாகத் திருப்பிக் கடித்தடம் பார்ப்பதே என் வேலை. இப்போது வீட்டுத் தொட்டித் தக்காளியிலும் கண் அதைத்தான் தேடுகிறது.

பழைய மார்த்தாண்டம்:
தேனீக்கு வித்தை தெரியாதாம்! கத்தரி ஒன்றை வைத்து முடிவு கட்டாதீர்கள் அம்மா. எங்கள் பக்கம் ரப்பர் தளிர்விடும் காலத்தில் தேனீக்குப் பூவே வேண்டாம். இலைக்காம்பின் நுனியில் ஊறும் தேனை எடுத்தே பெட்டியை நிரப்பிவிடும்.

என் அனுபவம் 1991-92-ல் பரவிய தாய்லாந்து சாக்புரூட், தேனீப் புழுக்களைக் கொல்லும் வைரஸ் நோய். அப்பா பெட்டிக்குள்ளிருந்த அடைச் சட்டத்தைத் தூக்கி, ஓர் அறையிலிருந்து புழுவை ஈர்க்கால் எடுத்தார். தோல் பையாகி, உள்ளே நீர் கட்டி, ஈர்க்கு நுனியில் தொங்கியது. அப்பா ஒன்றும் பேசாமல் மூடியைப் போட்டுவிட்டார். பெட்டிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின.

சரி, பெட்டி வைக்க நினைப்பவர்களுக்கு: கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள், எறும்பு ஏறாது. காலை வெயில் படலாம், உச்சி வெயில் கூடாது. மழைக்காலத்தில் பூ இருக்காது, சர்க்கரைப் பாகு கொடுங்கள். அதையும் சாயங்காலம் கொடுங்கள், பகலில் கொடுத்தால் அடுத்த பெட்டித் தேனீ திருட வரும். மெழுகுப்பூச்சி விழுந்த பழைய அடையை வைத்துக்கொண்டு யோசிக்காதீர்கள், எடுத்துவிடுங்கள். ராணி இருக்கிறதா என்று தினமும் திறந்து பார்த்தால் கூட்டமே கிளம்பிப் போய்விடும்.

ஐந்தாம் மாடி:
யாரும் பெட்டி கேட்கவில்லையே ஐயா. எங்கள் குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மலைத்தேனீ. மொட்டைமாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியெங்கும் கடுகளவு மஞ்சள் புள்ளி. பெயின்ட் அடிக்கிறவர்களிடம் கேட்கப் போன நேரத்தில் என் கையிலேயே ஒரு சொட்டு விழுந்தது. தேனீ எச்சம்! மகரந்தம் தின்று செரித்த சக்கை. இதே மாதிரிப் புள்ளிகளைக் காட்டித்தான் 1981-ல் அமெரிக்கா, தென்கிழக்கு ஆசியாவில் சோவியத் விஷமழை பொழிகிறது என்றது. அது தேனீ எச்சம் என்று மேத்யூ மெசல்சன், தாமஸ் சீலி போன்ற விஞ்ஞானிகள் பிறகு காட்டினார்கள். வேட்டிக் கறை மட்டும் போகவில்லை.

கொட்டு வாங்கியவன்:
வேட்டிக் கறையோடு போனதே, அதிர்ஷ்டம். கோபுரத்துக் கூட்டில் ஒரு பருந்து மோத, வரிசையில் நின்ற எங்கள் மேல் இறங்கியது கூட்டம். எனக்கு இமை மூடிக்கொண்டது.

அதனால் சொல்கிறேன். கையை வீசாதீர்கள். முகத்தை மூடிக்கொண்டு ஓடி ஏதாவது அறைக்குள் போய்க் கதவைச் சாத்துங்கள். குளத்தில் குதிக்காதீர்கள், தலை வெளியே வந்ததும் மறுபடி கொட்டும். கொடுக்கை உடனே எடுங்கள். உள்ளே இருக்கும்வரை விஷம் இறங்கிக்கொண்டே இருக்கும், அந்த வாசனைக்கு மற்றவையும் வரும். மூச்சு வாங்கினாலோ நாக்கு, தொண்டை வீங்கினாலோ சுண்ணாம்பு தேடாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மாடிக்காரரே, கூட்டுக்கு எதிரே இரவில் விளக்குப் போடாதீர்கள், வெளிச்சத்துக்கு வீட்டுக்குள் வந்துவிடும்.

பழைய மார்த்தாண்டம்:
வீட்டில் பருந்து வந்து மோதினால் நானும்தான் கொட்டுவேன்.

ஒட்டன்சத்திரம் தோட்டம்:
செல்வி அக்கா, உங்களுக்குக் கண் கூர்மை. எனக்குக் கத்தரிப் பூவில் கடித்தடம் எதுவும் பிடிபடவில்லை. வண்டின் கூடுதான் கிடைத்தது, மோட்டார் கொட்டகையின் பழைய மரச்சட்டத்தில். அடியில் மரத்தூள் குவிந்திருக்கிறது. கட்டை உளுத்துவிடும், இரும்புக் குழாய் போடணும் என்று அப்பா அளவெடுத்துக்கொண்டிருக்கிறார். கழற்றின சட்டத்தை வரப்போரம் கட்டி வைத்தால் வண்டு அதிலேயே இருக்குமா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?