தோட்டத்தில் மரக்கால் மேல் ரயில் பாதை: எந்த மரம், கால்களை எப்படி நிறுத்துவது?

புதுத்தடம்:

வணக்கம். வீட்டுத் தோட்டத்தில் மாதிரி ரயிலுக்கு, தண்டவாளங்களுக்கு நடுவே 45 மி.மீ. இடைவெளியுள்ள ஒரு சுற்றுப்பாதை போடப் போகிறேன். தரையில் போடுவதில்லை என்பது மட்டும் முடிவாகிவிட்டது. உட்கார்ந்து எழ முழங்கால் ஒத்துழைப்பதில்லை, அதோடு தரையில் போட்டால் களை, சேறு, சருகு எல்லாம் முதலில் பாதை மேல்தான் வந்து விழும். அதனால் மரக்கால்கள் நிறுத்தி, இடுப்பு உயரத்துக்குக் கொஞ்சம் கீழே பாதை வருகிற மாதிரி செய்ய ஆசை.

இடம் 9 மீட்டருக்கு 5 மீட்டர். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குத் தரை 40 செ.மீ. சரிகிறது. நான் யோசித்து வைத்திருப்பது: நான்கு அங்குலத் தூண்களைக் குழி தோண்டி கான்கிரீட்டில் நட்டு, மேலே பிளைவுட் பலகை அடித்து, அதன் மேல் தண்டவாளத்தை ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிடுவது. முதலில் பேட்டரி என்ஜின், பின்னாளில் ஒரு நீராவி என்ஜின் வாங்கலாம் என்று நினைப்பு. மரவேலை ஓரளவு வரும், ரயில் வேலை புதிது. இந்தத் திட்டத்தில் எது உருப்படும், எது உருப்படாது என்று தயங்காமல் சொல்லுங்கள்.


சட்டமும் ரம்பமும்:

தயங்காமல் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன் சார், நீங்கள் எழுதியதில் மூன்று இடத்தில் தண்ணீர் தேங்கும். குழி ஒன்று, பலகை இரண்டு, ஸ்க்ரூ துளைகள் மூன்று. வெளியில் நிற்கும் மரவேலையில் பலம் பெரிய பிரச்சினையே இல்லை, பொம்மை என்ஜின் என்ன கனம் இருந்துவிடப் போகிறது, நாலைந்து கிலோ. பிரச்சினை முழுக்க ஈரம்தான்.

மரக்காலை கான்கிரீட்டுக்குள் நட வேண்டாம். தூண் இற்றுப்போவது ஆழத்தில் அல்ல, தரைமட்டத்தை ஒட்டிய ஒரு சாண் உயரத்தில். பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும், இரண்டும் சேர்ந்து கிடைப்பது அங்கேதான். கான்கிரீட் பிடித்துக்கொண்டிருக்கும் தூணைச் சுற்றி மரம் சுருங்கும்போது ஒரு சந்து விழும், அதில் இறங்குகிற மழைத்தண்ணீர் வெளியேற வழி இருக்காது. அதற்குப் பதில் கான்கிரீட்டைத் தனியாக ஒரு கட்டையாக வார்த்து, அதில் துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டையை முளையாகப் பதித்து, மரக்காலை அந்தப் பட்டையில் போல்ட் போட்டு நிறுத்துங்கள். மரத்தின் அடிமுனைக்கும் தரைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருக்கட்டும். கரையானுக்கும் இது நல்லது, அது மண்குழாய் கட்டி ஏறினால் கண்ணுக்குத் தெரியும், கையால் தட்டிவிடலாம். பட்டையில் வட்டத் துளைக்குப் பதில் நீளத் துளை போட்டுக்கொண்டால், மழையில் ஊறி மண் உப்பி கால் ஏறி இறங்கினாலும் போல்ட்டைத் தளர்த்தி மட்டம் பார்த்துத் திரும்ப முடுக்கலாம்.

மரம்: வைரம் பாய்ந்த பகுதியாகப் பார்த்து வாங்குங்கள், பெயரைப் பார்த்து அல்ல. தேக்காகவே இருந்தாலும் வெளிர்நிற வெளிப்பகுதி சீக்கிரம் போய்விடும். மருந்து ஏற்றிய மரம் என்றால், அறுத்த முனையெல்லாம் மருந்து ஏறாத முனை, அங்கே திரும்பப் பூச வேண்டும். தாமிர உப்பு கலந்த மருந்து சாதாரண இரும்பு ஆணியைத் தின்றுவிடும், அதனால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது துத்தநாகம் பூசிய ஸ்க்ரூதான். அறுத்த முனையில் தண்ணீர் உறிஞ்சும் வேகம் பக்கவாட்டு முகத்தைவிடப் பல மடங்கு, காலின் மேல்முனை திறந்து கிடந்தால் சரிவாக அறுத்து மூடிவிடுங்கள்.

இன்னொன்று, சட்டத்தைப் படுக்கவைக்காமல் நிறுத்தி வையுங்கள். 100க்கு 50 மி.மீ. சட்டம் நிறுத்தி வைத்தால், படுக்கவைத்ததைவிட நான்கு மடங்கு விறைப்பு. அதே மரம், அதே காசு.


ஏணிக்காரன்:

மேலே சொன்னது எல்லாம் சரி. பிளைவுட்டையே விட்டுவிடலாம் என்பது என் கட்சி. ஏணி மாதிரி செய்யுங்கள்: 12 மி.மீ. தடிமன், 60 மி.மீ. உயரமுள்ள இரண்டு மரப்பட்டைகளை நிறுத்தி வைத்து, நடுவில் 25 அல்லது 30 செ.மீ.க்கு ஒரு கட்டை வைத்துப் பக்கத்திலிருந்து ஸ்க்ரூ போடுவது. 45 மி.மீ. பாதையின் ஸ்லீப்பர் (தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கட்டை) நீளம் சுமார் 9 செ.மீ., ஆகவே கட்டை 7 செ.மீ. இருந்தால் ஸ்லீப்பரின் இரு முனைகளும் பட்டைகள் மேல் அழகாக உட்காரும். மழை, சருகு, பறவை எச்சம் எல்லாம் நடுவழியே கீழே போய்விடும்.

இதில் எனக்குப் பிடித்தது வளைவுதான். பலகையில் வளைவு வேண்டுமென்றால் பெரிய தாளில் வரைந்து அறுத்து, பாதி பிளைவுட் வீணாகும். ஏணியில் வளைவை வரையவே வேண்டாம், ஒரு முனையைக் கால்மேல் பிடித்துக்கட்டி மறுமுனையைத் தள்ளினால் பட்டை தானாக ஒரு சீரான கோட்டில் வளையும், நேர்ப்பாதையிலிருந்து வளைவுக்குள் போகிற இடம்கூட மெதுவாகத் திரும்பும். அந்த நிலையில் நடுக்கட்டைகளை ஸ்க்ரூ போட்டுவிட்டால் முடிந்தது, கழற்றிவிட்டாலும் பழைய நேர்கோட்டுக்குத் திரும்பாது. 12 மி.மீ. பட்டை ஒன்றரை மீட்டர் ஆரத்துக்கு வளையும், ஆனால் முடிச்சு இருக்கும் பட்டையை வளைவுக்கு எடுக்காதீர்கள், அங்கேதான் பிளக்கும். ஆரம் அதைவிடக் குறைந்தால் 6 மி.மீ. பட்டைகளாக இரண்டிரண்டு போட்டுக்கொள்ளுங்கள்.

ஆரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்ஜிபி என்ற ஜெர்மன் பொம்மை ரயில் கம்பெனி 1968இல் இந்த 45 மி.மீ. பாதையில் 1:22.5 அளவு ரயில்களைக் கொண்டுவந்தது, மீட்டர் கேஜ் ரயிலைச் சுருக்கினால் வரும் கணக்கு அது. அவர்களுடைய மிகச் சிறிய வளைவு 60 செ.மீ. ஆரம், 12 துண்டு சேர்த்தால் ஒரு வட்டம். பெட்டியில் 'இந்த வளைவில் ஓடும்' என்று எழுதியிருக்கும், ஓடவும் செய்யும், ஆனால் நீளப் பெட்டிகளின் முனை பாதைக்கு வெளியே நீட்டிக்கொண்டு போவதைப் பார்க்கச் சகிக்காது, சக்கர உராய்வும் அதிகம். 9க்கு 5 இடம் இருக்கும்போது ஒன்றரை மீட்டருக்குக் குறையாதீர்கள். 8க்கு 4 மீட்டர் செவ்வகத்தில் நான்கு மூலையும் ஒன்றரை மீட்டர் ஆரம் வைத்தால் சுற்று சுமார் 21 மீட்டர் வரும், தாராளம்.

கால்கள் ஒரு மீட்டருக்கு ஒன்று. என்ஜின் கனத்துக்கு இவ்வளவு வேண்டாம்தான், ஆனால் பார்க்க வருகிறவர்கள் பாதை மேல் கையூன்றிச் சாய்ந்துகொண்டுதான் பேசுவார்கள், எல்லாத் தோட்டத்திலும் இது நடக்கும், அந்தக் கனத்துக்குத்தான் கட்ட வேண்டும்.


பலகைக் கட்சி:

ஏணிக்காரர் சொல்வது பாதைக்குச் சரி, ஸ்டேஷனுக்கு என்ன செய்வார்? மூன்று தடம் பிரிகிற இடம், பிளாட்பாரம், என்ஜின் நிறுத்துகிற கொட்டகை, இதற்கெல்லாம் அகலப் பலகை வேண்டும். அப்புறம் ஏணியில் ஜல்லி நிற்காது, ஜல்லி இல்லாத பாதை என் கண்ணுக்குப் பாதி ரயில்தான்.

பலகை போட்டால் பிளைவுட்டின் மேல்முகத்தைவிட விளிம்பைக் கவனியுங்கள். தண்ணீர் நுழைவது அங்கே, ஒட்டிய அடுக்கு பிரிய ஆரம்பிப்பதும் அங்கே. விளிம்புக்கு எபாக்ஸி இரண்டு மூன்று தடவை, மேல்முகத்துக்குக் கூரையில் ஒட்டுகிற தார் ஷீட்டை விளிம்பு தாண்டி மடித்து ஒட்டுங்கள். சொரசொரப்பான மணல் முகமுள்ள ஷீட் கிடைத்தால் அதுவே பாதி ஜல்லி மாதிரி இருக்கும். பலகையின் அடியில் விளிம்பிலிருந்து இரண்டு விரல் உள்ளே தள்ளி ஒரு பட்டைக் குச்சி அடித்தால், அடிப்பக்கமாக ஊர்ந்து வருகிற தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், சட்டம் வரை போகாது. எம்டிஎஃப் (மரநாரை ஒட்டி அழுத்திய பலகை) பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள், பிஸ்கட் மாதிரி ஊதிவிடும்.

ஒரே அகலப் பலகை மரத்தில் வேண்டாம். மரம் ஈரத்தில் நீளவாக்கில் அநேகமாக அசையவே அசையாது, அகலவாக்கில்தான் உப்பிச் சுருங்கும், அகலப் பலகை குழிவாகிவிடும். குறுகிய பலகைகளை இடைவெளி விட்டு அடியுங்கள்.


புதுத்தடம்:

நன்றி, கான்கிரீட் குழியை அப்போதே கைவிட்டாயிற்று. சுற்றுக்கு ஏணி, ஸ்டேஷன் மட்டும் பலகை என்று வைத்துக்கொள்கிறேன், இரண்டு கட்சிக்கும் ஓட்டு. இரண்டு சந்தேகம். தண்டவாளத்தை ஸ்க்ரூ போட்டு முடுக்குவதில் என்ன தப்பு என்று யாரும் சொல்லவில்லை. அப்புறம், சரிவான தரையில் பாதையும் கொஞ்சம் சரிந்து போனால் பரவாயில்லையா, பார்க்க நன்றாக இருக்குமே?


நீராவிப் பிரியன்:

சரிவு வேண்டாம் நண்பரே, நீராவி என்ஜின் வாங்கும் எண்ணம் இருந்தால் அறவே வேண்டாம். பேட்டரி என்ஜினில் மோட்டாரும் பல்சக்கரமும் பிடித்து நிறுத்தும், இறக்கத்திலும் அதே வேகம். சின்ன நீராவி என்ஜினுக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. ஏற்றத்துக்காக ஆவியைத் திறந்து வைப்பீர்கள், உச்சி தாண்டியதும் அதே ஆவியோடு இறக்கத்தில் பாய்ந்து வளைவில் வெளியே விழும், அதுவும் இடுப்பு உயரத்திலிருந்து. 100க்கு 1 என்பதே எனக்கு அதிகம், மட்டமாகப் போடுங்கள். உயரத்தில் போடுவதன் பெரிய லாபமே அதுதானே, தரை எப்படிப் போனாலும் பாதை மட்டமாக இருக்கும்.

மட்டம் பார்க்க ரசமட்டத்தை மட்டும் நம்ப வேண்டாம், அரை மீட்டர் ரசமட்டத்தை எடுத்து எடுத்து வைத்துப் போனால் சின்னப் பிசகெல்லாம் சேர்ந்து சுற்று முடிகிற இடத்தில் தண்டவாளம் மேலும் கீழுமாக நிற்கும். கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் டியூப்தான் இதற்கு. குமிழி இல்லாமல் நிரப்பி, ஒரு முனையை முதல் காலிலேயே கட்டிவிட்டு, எல்லாக் காலுக்கும் அங்கிருந்தே குறித்துவிடுங்கள். உங்கள் 40 செ.மீ. சரிவுக்கு மேட்டுப் பக்கம் 70 செ.மீ. கால் என்றால் பள்ளத்துப் பக்கம் 110 செ.மீ. ஆகிவிடும், அந்த உயரக் கால்களுக்குக் குறுக்குச் சட்டம் போடாவிட்டால் ஆடும்.

விளிம்பில் இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு பட்டை அடித்துவிட்டால் தடம் புரண்ட என்ஜின் தரைக்கு வராது. வளைவின் வெளிப்பக்கம் கட்டாயம். பட்டை வைக்கும்முன் உங்களிடம் இருக்கும் நீளமான பெட்டியை வளைவில் தள்ளிப் பார்த்து, அது எவ்வளவு நீட்டுகிறதோ அதற்கு மேல் ஒரு விரல் தள்ளி வையுங்கள். என்ஜின் வாங்கும்போது காஸ் அடுப்பு உள்ளதாகப் பாருங்கள். ஸ்பிரிட் விளக்கு வைத்த என்ஜின் கவிழ்ந்தால் எரிகிற ஸ்பிரிட் மரத்தின்மேல் ஓடும், வெயிலில் அந்தத் தீ கண்ணுக்கே தெரியாது. காய்ந்த மரப்பாதை, தார் ஷீட், சொல்ல வேண்டுமா. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.


சட்டமும் ரம்பமும்:

ஸ்க்ரூ விஷயம் என்னால் விட்டுப்போனது. பித்தளைத் தண்டவாளம் 10 மீட்டருக்கு, 40 டிகிரி வெப்ப வித்தியாசத்தில், ஏழரை மி.மீ. நீளும். வெயிலில் கிடக்கும் உலோகத்துக்கு விடியற்காலைக்கும் மதியத்துக்கும் 40 டிகிரி வித்தியாசம் பெரிய விஷயமில்லை. அடியில் இருக்கும் மரம் அப்படி நீளாது. இரண்டையும் ஒன்றாக முடுக்கினால் தண்டவாளம் எங்காவது ஒரு இடத்தில் வில்லாக நெளிந்துகொள்ளும், இல்லையென்றால் ஸ்லீப்பரின் பிளாஸ்டிக் பிடி உடையும்.

இதற்கு வழி சுலபம். பாதையை மிதக்க விடுங்கள். நேர்ப்பாதையின் நடுவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் கட்டுங்கள், மற்ற இடங்களில் ஸ்லீப்பருக்கு இரண்டு பக்கமும் சின்ன முளை, பாதை பக்கவாட்டில் ஓடிவிடாமல் இருக்க. வளைவில் அந்த முளைக்கும் ஸ்லீப்பருக்கும் நாலு மி.மீ. அசைய இடம் விட்டால் போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள், 5 மீட்டர் நேர்ப்பாதை நீளுவது நாலு மி.மீ.க்கும் குறைவு, அது இரண்டு முனைக்கும் பாதி பாதியாகப் போகும், வளைவு வெளிப்பக்கம் அவ்வளவு நகர்ந்து கொடுத்தால் நெளிய வேண்டிய அவசியமே வராது. குளிர்ந்த நேரத்தில் போட்டால் ஒன்றரை மீட்டர்த் துண்டுக்கு ஒரு மி.மீ. இடைவெளி, உச்சி வெயிலில் போட்டால் இடைவெளியே வேண்டாம்.

அலுமினியத் தண்டவாளம் மலிவு, பேட்டரிக்கும் நீராவிக்கும் போதும், மின்சாரம் பாய வேண்டியதில்லையே. ஆனால் அது பித்தளையைவிட அதிகமாக நீளும், அசைய விடும் இடத்தையும் அதற்கேற்பக் கூட்டுங்கள்.


லெவல்கிராசிங்:

சுற்றுக்கு நடுவில் நீங்கள் எப்படிப் போவீர்கள் என்று யாரும் கேட்கவில்லையே! முழங்கால் வலி என்கிறீர்கள், 70 செ.மீ. பாதைக்கு அடியில் குனிந்து நுழைய முடியாது. ஒரு இடத்தில் தூக்குகிற பாலம் வேண்டும். நேர்ப்பாதையில் வையுங்கள், வளைவில் வேண்டாம். கீல் வைக்கும்போது அதன் அச்சு தண்டவாளத்தின் மேல்மட்டத்தைவிட உயரத்தில் இருக்க வேண்டும், மறந்து பலகை மட்டத்தில் வைத்தால் தூக்கும்போது தண்டவாள முனைகள் ஒன்றையொன்று முட்டும், பாலம் எழும்பாது. அதனால் கீலின் அடியில் இரண்டு பக்கமும் கட்டை வைத்து உயர்த்துங்கள். கீல் இல்லாத மறுமுனையில் கூம்பாகச் சீவிய ஒரு முளையும் அதற்கு ஒரு குழியும் இருந்தால் மூடும்போது தானாக நேராக வந்து உட்காரும்.

பேட்டரி என்ஜினுக்குப் பாதையில் மின்சாரத்தைத் துண்டித்து நிறுத்துகிற வசதி கிடையாது, நீராவிக்கு அந்தப் பேச்சே இல்லை. பாலத்தைத் தூக்கினால் இரண்டு பக்கமும் ஒரு தடுப்புக் குச்சி பாதைக்குக் குறுக்கே விழுகிற மாதிரி நூல் கட்டிவிடுங்கள், பாலத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி. பாலத்தைச் செய்ய அவசரப்பட வேண்டாம். இரு பக்கத்துக் கால்களும் ஒரு மழைக்காலம் நின்று, எவ்வளவு அசைகின்றன என்று தெரிந்தபிறகு அளவெடுத்து அறுங்கள், அதுவரை அந்த இடத்தில் கழற்றி எடுக்கிற மாதிரி ஒரு ஏணித் துண்டு போதும்.