புதுப்பிப்பு: அந்த நாவலை வாசித்து முடித்தேன்

பாதியில் நிறுத்திய நாவல் ஒன்றைப் பற்றிப் போன கிழமை எழுதியிருந்தேன்: பிள்ளைகளை அம்மம்மாவிடம் விட்டுப்போன தாய், ஹெரோயினுக்கு அடிமையான மூத்த மகன். கடைசிவரை வாசியுங்கோ என்று சிலர் சொன்னீர்கள். வாசித்தேன். ஏமாற்றம் கூடிவிட்டது.

தாய் திரும்பி வந்து அழுகிறாள். அடுத்த அத்தியாயத்திலேயே மகன் தெளிந்துவிடுகிறான். ஹெரோயினை நிறுத்தினால் உடம்பு வலி, வயிற்றோட்டம், நித்திரையின்மை எல்லாம் முதல் 3 நாட்களுக்குள் உச்சத்துக்குப் போகும். அது அடங்கினாலும் ஏக்கம் மாதக்கணக்கில் நிற்கும், பலர் திரும்பவும் விழுவார்கள். இதை வீட்டுக்குள்ளேயே பார்த்த குடும்பங்கள் யாழ்ப்பாணத்தில் இருக்கின்றன. அவர்களுக்கு இந்த முடிவு பொய்யாகத்தான் படும்.

தாய் ஏன் போனாள் என்பதற்கு ஒரு பக்கம்கூட இல்லை. அம்மம்மா பேரனுக்குப் பயந்து நகையை அரிசி வாளிக்குள் ஒளிக்கிற இடம் மட்டும் உண்மையாக இருந்தது. அவரை வைத்தே முழுக் கதையையும் எழுதியிருக்கலாம்.