மையில் ஒளிந்திருக்கும் நிறங்களைப் பிரிக்க உதவி வேண்டும்

வணக்கம். அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். இரும்புத்தூள், மணல், உப்பு, கற்பூரம் சேர்ந்த கலவையை மாணவர்கள் அருமையாகப் பிரித்துவிட்டார்கள். காந்தம் இரும்பை எடுத்துக்கொண்டது. கற்பூரம் எளிதில் தீப்பற்றும் என்பதால் கிண்ணத்தைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்தோம். கற்பூரம் பதங்கமாகி, அதாவது திண்மத்திலிருந்து நேரடியாக ஆவியாகி, கவிழ்த்த புனலின் உட்புறத்தில் வெண்மையாகப் படிந்தது. அதைப் பார்த்த பிள்ளைகளின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! மணலும் உப்பும் வழக்கம்போல் கரைத்து, வடிகட்டி, ஆவியாக்கல்தான்.

இப்போது வண்ணப்பிரிகைக்கு வந்திருக்கிறோம்: தாளில் மைப்புள்ளி வைத்து, நீர் தாளில் ஏறும்போது மையிலுள்ள சாயங்கள் வெவ்வேறு வேகத்தில் ஏறிப் பிரிவதைப் பார்க்கும் முறை. பந்துமுனைப் பேனாவின் மை நீரில் கரையாததால் வைத்த புள்ளி அப்படியே நிற்கிறது. நீரில் கரையும் கறுப்பு ஸ்கெட்ச் பேனா எது நன்றாகப் பிரிகிறது? பள்ளியில் வடிதாள் தீர்ந்துவிட்டது; டிஷ்யூ தாள் ஈரத்தில் கிழிகிறது. மலிவான மாற்று ஏதேனும் உண்டா?

இதைவிட முக்கியமானது ஒரு மாணவியின் கேள்வி: "ஒரே நிறப் பட்டைதான் வந்தால் அந்த மை தூய பொருளா டீச்சர்?" இல்லை. இரண்டு சாயங்கள் ஒரே வேகத்தில் ஏறியிருக்கலாம். நிறமற்ற பொருள்கள் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். வாயால் சொல்லிவிட்டேன், ஆனால் அவள் கண்ணால் பார்க்க வேண்டும். நீரில் ஒரே பட்டையாகத் தெரிந்து, ஸ்பிரிட் கலந்த நீரில் இரண்டாகப் பிரியும் மை எதையாவது வகுப்பில் செய்து பார்த்தவர்கள் இருந்தால், பேனாவின் வகையையும் கலந்த அளவையும் எழுதுங்கள். அடுத்த வாரமே செய்துகாட்ட விரும்புகிறேன்.